சரியான ஆறுதல்

தண்ணீரூற்றுக் கிராமத்து இளைஞர் எழுச்சி நிலையம் கேட்டது கடிதம் அடிப்பதற்கு ஒரு சாதாரணக் கொம்பியூட்டர். வெளிநாட்டில் இருந்த ஊர்ச்சங்கம், கொடுப்பது என்றால் நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, கடையில் இருப்பதிலேயே நல்லது எது என்று கேட்டிருக்கிறது. அப்படி வந்து சேர்ந்தது ஒரு கேமிங் கொம்பியூட்டர்.

அதன் முன்பக்கத்தில் மூன்று வட்ட விசிறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. போட்டதும் சிவப்பு, பச்சை, நீலமாக ஒளிர்ந்தன. நிலையப் பொறுப்பாளர் சிவகரன் இந்த விளக்கு அரச அலுவலகத்துக்குப் பொருந்துமா என்று தலைமைப் பணியகத்திடம் எழுத்தில் கேட்டார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை கடிதம் அடிக்கும்போது மட்டும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அந்தக் கொம்பியூட்டரை அது செய்யப்பட்ட காரியத்துக்குப் பயன்படுத்திய ஒரே ஆள் கலிஸ்ரா. அவளுக்கு இருபத்திரண்டு வயது. தகப்பன் மரியநேசன் களப்பில் இறால் பிடிப்பவர். நிலையத்தில் தையல் வகுப்புக்கு வந்தவள், வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை ஒருநாள் கார் ஓட்டும் விளையாட்டைத் திறந்து பார்த்தாள். எட்டு மாதத்தில் மாகாணத்தில் முதல் ஆறு பேருக்குள் வந்துவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பட்டியல் வெளிவந்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது.

"காரை ஓட்டுறாய், சரி. லைசென்ஸ் எடுத்தனியோ?" என்று மட்டும் மரியநேசன் கேட்டார்.

அகில இலங்கை மின்விளையாட்டுப் போட்டியின் மாகாணச் சுற்று இருபத்துநாலாம் திகதி சனிக்கிழமை காலை பத்தரைக்கு. பதிவு செய்த நிலையத்தில், பதிவு செய்த கொம்பியூட்டரில் இருந்தே ஓட்ட வேண்டும். முதல் இரண்டு பேருக்கும் கொழும்பில் இறுதிச் சுற்று. தன்னால் முதல் இரண்டுக்குள் வரக்கூடிய விசயம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று கலிஸ்ரா நினைத்தாள். அவளுடைய தையலைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஐந்தாம் திகதி பொருட் கணக்கெடுப்புக் குழு வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்து நிலையத்தில் உள்ள எல்லாவற்றையும் எண்ணி ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் குழு அது. இந்த வருடம் ஸ்ரிக்கர் புதியது. சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். மூன்று மொழிகளுக்கும் சம இடம் கொடுக்க வேண்டும் என்பதால் மொழிக்கு ஒன்றாக, ஒரு பொருளுக்கு மூன்று. கதிரைகளில் ஒட்டக் குழு மிகவும் சிரமப்பட்டது. கத்தரிக்கோலில் ஒட்டினார்கள். அதன்பிறகு அதை விரிக்க முடியவில்லை. கொம்பியூட்டரின் முன்னால் வந்தபோதுதான் குழுத் தலைவரின் முகம் மலர்ந்தது. மூன்று வட்டங்கள், ஸ்ரிக்கரின் அதே அளவு.

"பாருங்கோ," என்றார் அவர். "செய்தவங்களே எங்களுக்கு இடம் விட்டிருக்கிறாங்கள்."

மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். ஓரங்களை விரலால் அழுத்தித் தேய்த்தும் விட்டார்.

அடுத்த நாள் கலிஸ்ராவின் கார் இரண்டாவது வளைவில் திணறத் தொடங்கியது. படம் துண்டு துண்டாக வந்தது. அவள் வளைவைக் காணும்போது கார் ஏற்கனவே வளைவுக்கு வெளியே கிடந்தது. அவள் கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டாள். தேவையில்லாமல் திறந்திருந்தவற்றை மூடினாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடினாள். வயர்களைக் கழற்றிப் பூட்டினாள். பிறகு வெப்பநிலையைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. பக்கத்தகட்டில் கையை வைத்து உடனே எடுத்தாள். ஒரு துண்டுக் கடதாசியைக் கிழித்து விசிறிக்கு முன்னால் பிடித்தாள். நேற்று என்றால் அது உள்ளே இழுபட்டிருக்கும். இன்று அசையவில்லை. அங்கே ஸ்ரிக்கர்தான் இருந்தது.

கோளாறைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் எடுத்தது. கதை இனிமேல்தான்.

"சேர், அந்த ஸ்ரிக்கரைக் கழட்டினால் சரி. உள்ளுக்குக் காத்துப் போகேல்லை. சூடேறினால் அது தானாத் தன்ரை வேகத்தைக் குறைக்கும்."

"எந்த ஸ்ரிக்கர்?"

"மூண்டும்."

சிவகரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "தங்கச்சி, உந்தக் கதையை வெளியிலை கதைக்காதையும். அது அரச இலச்சினை. ஒட்டின குழுதான் கழட்டலாம்."

"அவை எப்ப வருவினம்?"

"வாற வருசம் அஞ்சாம் திகதி."

"கொஞ்சம் பக்கத்திலை தள்ளி ஒட்டினால்?"

"தள்ளுறதுக்கு முதல் கழட்ட வேணுமெல்லோ." அவருக்கும் கவலைதான். "ஒரு முறைப்பாடு எழுதுவம். ஆனால் ஸ்ரிக்கர் எண்ட சொல் அதுக்குள்ளை வரக்கூடாது."

முறைப்பாட்டுப் படிவத்துக்கு ஒரு விதி இருந்தது. முறைப்பாட்டாளர் வாயால் சொல்வதை, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் உத்தியோகத்தர் எழுத வேண்டும். மக்களின் குரலை மதிப்பதற்காக வந்த விதி.

"சொல்லும்," என்று சிவகரன் பேனையைத் திறந்தார்.

"என்னத்தைச் சேர்?"

அவர் அதை எழுதினார்.

"ஐயோ, அதில்லை!"

அதையும் எழுதினார். பிறகு பெருமூச்சு விட்டு அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். கலிஸ்ரா இம்முறை நன்றாக யோசித்து ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"இந்தக் கொம்பியூட்டர் இப்ப சரியான ஆறுதல்."

எங்கள் பக்கத்தில் ஆறுதல் என்றால் மெதுவு. சரியான என்றால் மிகவும். ஆறுதலா வாங்கோ என்றால் அவசரப்படாமல் வாருங்கள் என்று அர்த்தம். வன்னியில் இது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். படிவம் வன்னியில் நிற்கவில்லை, தலைமைப் பணியகத்துக்குப் போனது.

மூன்று நாள் கழித்துத் தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் செந்தூரன் கிளிநொச்சியில் இருந்து மோட்டார்சைக்கிளில் வந்தார். கையில் நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட பரிசோதனைத் தாள்.

"கணினி உள்ளதா?"

"ஓம்."

"இடத்தில் உள்ளதா?"

"ஓம் சேர். உங்களுக்கு முன்னாலைதான்."

"முன்னாலையோ பின்னாலையோ எண்டு கேக்கேல்லை. ஓம், இல்லை, ரெண்டிலை ஒண்டு." அவர் சரி அடையாளம் போட்டார். இருபத்தேழாம் கேள்வி தூசு பற்றியது. ஸ்ரிக்கர் ஒட்டிய பொருள் தூசு அற்றது எனக் கருதப்படும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அவர் தகட்டில் கையை வைத்து, உதறி, விரலை ஊதினார்.

"எனக்கும் விளங்குது தங்கச்சி," என்று குரலைத் தாழ்த்தினார். "கண் இருக்குத்தானே. ஆனால் இந்தத் தாளிலை காத்துக்கு ஒரு பெட்டி இல்லை."

கடைசிப் பெட்டி முடிவுக்கானது. கோளாறு கணினியிலா, பாவனையாளரிலா? கணினி என்றால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். திறப்பதற்கு முன்பக்கத்தைக் கழற்ற வேண்டும். முன்பக்கத்தில் இலச்சினை இருந்தது. செந்தூரன் பாவனையாளர் என்று அடையாளம் போட்டார். பரிந்துரை: பாவனையாளர் அவசரப்படுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

"குறை நினைக்காதையும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாலாம் திகதி தலைமைப் பணியகத்தின் கடிதம் வந்தது. வழக்கமாகப் பதில் வர ஆறு மாதம் செல்லும். இது நல்ல செய்தி என்பதால் கெதியாக, ஒரு வாரத்திலேயே வந்துவிட்டது.

படிவம் அங்கே சிங்களமாகி, ஆலோசகர் வாசிப்பதற்காக ஆங்கிலமாகி, பதிலுக்காகத் திரும்பவும் தமிழாகியிருந்தது. மொழிபெயர்த்த மூவரும் பொறுப்பானவர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்திருந்தார்கள். கடிதம் இப்படித் தொடங்கியது:

"தங்கள் நிலையத்தின் கணினியானது பொதுமக்களுக்குச் சரியான மன ஆறுதலை வழங்கி வருவதாகக் கிடைத்த அறிக்கையை இப்பணியகம் பெருமகிழ்ச்சியுடன் வாசித்தது. பொதுமக்களில் ஒருவர் தானாக முன்வந்து இப்பணியகத்தின் உடைமையொன்றைப் பாராட்டியிருப்பது இதுவே முதல் தடவையாகும்."

தொடர்ந்து அறிவுறுத்தல்கள். அந்த அறை இனி ஆறுதல் அறை எனப்படும். நாளொன்றுக்குப் பதினாறு பயனாளிகள், ஆளுக்கு அரை மணித்தியாலம். கணினியின் தற்போதைய நிலையில் எக்காரணம் கொண்டும் மாற்றம் செய்யலாகாது.

"பிழையா விளங்கியிட்டினம் சேர். திருத்தி எழுதுங்கோ."

"என்னெண்டு எழுதிறது?" சிவகரன் திருத்தப் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். "நீங்கள் எழுதியதில் உள்ள பிழை யாது எண்டு கேட்டிருக்கு. நாங்கள் எழுதினதிலை ஒரு பிழையும் இல்லையே."

"அவை விளங்கினதுதானே பிழை."

"அதுக்குப் படிவம் இல்லை."

"அப்ப எனக்குப் பழகிறதுக்கு எப்ப நேரம் தருவீங்கள்? இன்னும் பத்து நாள்தான் கிடக்கு."

சிவகரன் கடிதத்தோடு வந்த பயனாளிப் பட்டியலைப் பார்த்தார். "பயனாளியாப் பதியும். அரை மணித்தியாலம் கிடைக்கும். உமக்கு என்ன கவலை?"

"கொம்பியூட்டர் ஆறுதல் எண்டதுதான்."

அவர் அதில் இருந்த கவலைகளின் அட்டவணையை மேலிருந்து கீழாக வாசித்தார். "அப்பிடியொரு கவலை இதிலை இல்லையே, தங்கச்சி."

பதினாறு பேரை எங்கே தேடுவது? பக்கத்துக் கட்டடத்தில் காணி அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே எந்த நாளும் நாற்பது பேராவது காத்திருந்தார்கள். சிவகரன் அங்கிருந்து பதினாறு பேரைக் கூட்டி வந்தார். மின்விசிறி உள்ள அறை என்றதும் அவர்கள் மறுக்கவில்லை. ஒவ்வொருவராகக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தப்பட்டார்கள். திரையில் என்ன காட்ட வேண்டும் என்று கடிதத்தில் இல்லை. விளையாட்டைத் திறந்து விட்டார்கள். அது திறபடாமல் ஒரு சிறிய வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பயனாளிகள் அதைப் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் முடிந்ததும் சிவகரன் படிவத்தில் ஆறுதல் அடைந்தார் என்று எழுதினார்.

துணுக்காயில் இருந்து வந்த அன்னபாக்கியம் தன் வயல்காணியின் அனுமதிப் பத்திரத்துக்காகப் பதினொரு வருடமாக அலைபவர். ஒரு பையில் கடிதங்கள், இன்னொரு பையில் கச்சான் கடலை. முதல் நாள் வட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒதுக்குப்புறமாக நின்ற கலிஸ்ராவைத் திரும்பிப் பார்த்தார்.

"உது ஏன் பிள்ளை சுத்துது?"

"வேலை நடக்குது எண்டு காட்டுது அன்ரி."

"நடக்குதோ?"

"இல்லை."

அன்னபாக்கியம் ஒரு கச்சானை உடைத்தார். "பரவாயில்லை. சுத்துது எண்டாவது காட்டுது. பக்கத்து ஒபிசிலை சுத்துதோ நிண்டிட்டுதோ எண்டே தெரியாது. இனி நான் இஞ்சையே வந்து இருக்கிறன்."

அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் அவரிடம் கலிஸ்ரா போட்டியைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கு வெளியே அவள் தானாக அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"முதல் ரெண்டு பேரோ?" என்றார் அன்னபாக்கியம். "அப்ப எனக்கு முன்னாலை உள்ள லைனை விடப் பரவாயில்லை."

பத்தொன்பதாம் திகதி இன்னொரு கடிதம். ஆறுதல் அறையைத் திறந்து வைக்கப் பிரதிப் பணிப்பாளர் விமலேஸ்வரி அம்மையார் நேரில் வருகிறார். இருபத்துநாலாம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணி.

கலிஸ்ரா திகதியை மூன்று தரம் வாசித்தாள். கொம்பியூட்டரை வேகமாக்கச் சொன்னால் விதி குறுக்கே நிற்கும். மெதுவாக இருக்கிறது என்றால் பாராட்டுவார்கள். அவளுக்கு விஞ்ஞானம் பிடிக்கும். ஒரு சமன்பாட்டில் ஒரு பக்கத்தை மாற்ற முடியாவிட்டால் மற்றப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தாள். இரண்டு நாள் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை சிவகரனின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், ஒரு முறைப்பாடு."

"ஸ்ரிக்கரோ?"

"இல்லை."

அவர் பேனையைத் திறந்தார். அவள் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள்.

"கொம்பியூட்டரிலை ஆறுதல் குறைஞ்சு போச்சு."

பேனை நின்றது. சிவகரன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உண்மையாவோ?"

"எனக்குக் குறைஞ்சுதான் போச்சு, சேர்."

அது பொய்யில்லை. அவர் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துத் தலைமைப் பணியகத்துக்கு அதை உரக்க வாசித்தும் காட்டினார். மறுமுனையில் யாரோ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது.

ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில் செந்தூரன் வந்து இறங்கினார். இம்முறை பரிசோதனைத் தாள் இல்லை. தூசு ஊதும் இயந்திரம், திருகாணிச் சாவிகள், ஒரு தொலைநகல். தொலைநகலில் இப்படி இருந்தது: "பிரதிப் பணிப்பாளரின் வருகைக்கு முன்னர் ஆறுதல் முழுமையாக மீட்கப்படல் வேண்டும். எவ்விதியும் இதற்குத் தடையாகக் கொள்ளப்படலாகாது."

"ஆறுதல் எங்கை தங்கச்சி அடைபட்டுக் கிடக்கு?" என்று செந்தூரன் மிகவும் பவ்வியமாகக் கேட்டார்.

கலிஸ்ரா மூன்று இடங்களைக் காட்டினாள்.

அவர் மூன்றையும் நகத்தால் கிளப்பி உரித்தார். எறிவதற்கு அதிகாரம் இல்லாததால் மேசையில் ஒட்டினார். மேசைக்கு இப்போது ஆறு. விசிறிகள் சிவப்பு, பச்சை, நீலமாகச் சுழன்றன. கலிஸ்ரா ஒரு துண்டுக் கடதாசியைப் பிடித்தாள். அது அவள் விரலில் இருந்து பறந்துபோய் விசிறியின் வலையில் ஒட்டிக்கொண்டது. வெப்பநிலை அறுபத்தொன்று.

சனிக்கிழமை வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். அறுபது கதிரைகள். பெரும்பாலும் காணி அலுவலகத்து ஆட்கள். விமலேஸ்வரி அம்மையார் கொழும்பில் வளர்ந்தவர். எழுதிவந்த உரையைச் சுத்தமான தமிழில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"அன்பார்ந்த மக்களே! எமது பணியகம் ஆரம்பித்த நாள் தொட்டு இன்றுவரை ஆறுதலாகவே பணியாற்றி வருகிறது."

"ஓம், ஓம்!" என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. கைதட்டல் எழுந்தது. அவர் இதை எதிர்பார்க்கவில்லை. குரல் உயர்ந்தது.

"அது ஒரு வீதியாகட்டும், ஒரு கிணறாகட்டும், உங்கள் விண்ணப்பத்தில் இடவேண்டிய ஒரு கையொப்பமாகட்டும், நாம் ஒருபோதும் ஆறுதலைக் கைவிட்டதில்லை!"

"அது உண்மை!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். "அதிலை ஒரு குறையும் சொல்லேலாது!"

"எனக்கு முன்னிருந்த பிரதிப் பணிப்பாளரும் ஆறுதலானவர். அவருக்கு முன்னிருந்தவர் அவரிலும் ஆறுதலானவர். அந்தப் பாரம்பரியத்தை நானும் காப்பேன் என உறுதி கூறுகிறேன்!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள், சிரித்ததில் வந்த கண்ணீர். சிவகரன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் பத்து இருபத்தாறு. உரையில் இன்னும் நான்கு பக்கம் இருந்தது. கலிஸ்ரா கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். மேடையைக் குறுக்கிட்டுக் கதைப்பதை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் உயர்த்துபவள். இருபத்தேழு. இருபத்தெட்டு.

"மெடம்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "மெடம்! ஆறுதல் தொடங்கப் போகுது!"

விமலேஸ்வரி அம்மையார் தாளில் இருந்து கண்ணை எடுத்தார். தொடங்க இருப்பதைத் தடுத்தவராக அறிக்கையில் வர அவர் விரும்பவில்லை. "தொடங்கட்டும்," என்றார்.

மாதிரிப் பயனாளியாக அன்னபாக்கியத்தைக் கலிஸ்ராவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். பத்தரைக்குப் பன்னிரண்டு கார்கள் வரிசையில் நின்றன. கலிஸ்ராவினுடையது ஆறாவது. திரையில் புறப்பாட்டு விளக்கு அணைந்தது, கார்கள் பாய்ந்தன.

படம் இம்முறை துண்டாகவில்லை. முதல் வளைவில் ஒருவனைக் கடந்தாள். மூன்றாம் சுற்றில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள், இடையால் போனாள். மூன்றாவது இடம். அதற்குமேல் நகரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு சுற்று. முன்னால் போன நீலக் கார் வழியை விடவே இல்லை.

"உவன் ஆர் பிள்ளை?" என்று அன்னபாக்கியம் கேட்டார்.

"ரெண்டாமாள், அன்ரி."

"உள்ளுக்குள்ளாலை வெட்டு!"

"இடம் இல்லை!"

"வரும். லைனிலை நிண்டு எனக்குப் பழக்கம். முன்னாலை நிக்கிறவன் ஒருக்காத் திரும்பிப் பாப்பான். அப்ப போ!"

கடைசிச் சுற்றின் கடைசிக்கு முந்தின வளைவில் நீலக் கார் சற்று அகலமாகத் திரும்பியது. "இப்ப போடி!" என்று அன்னபாக்கியம் கத்தினார். கச்சான் பை நிலத்தில் சிதறியது. அறுபது பேரும் கதிரைகளை விட்டுவிட்டுத் கலிஸ்ராவுக்குப் பின்னால் குவிந்து நின்றார்கள். செந்தூரன் ஒரு கதிரையில் ஏறி நின்றார். கலிஸ்ரா உள்பக்கத்தால் நுழைந்தாள். கோட்டைத் தாண்டியபோது நீலக் கார் அவளுக்குப் பின்னால் இருந்தது, ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு.

இரண்டாவது இடம். திரையில் அவள் பெயர் வந்தது. அதற்குப் பக்கத்தில் கொழும்பு என்று இருந்தது.

சத்தம் அடங்கும்வரை விமலேஸ்வரி அம்மையார் காத்திருந்தார். பிறகு மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தார். அது பயனாளி வாயால் சொல்வதை அப்படியே எழுத வேண்டிய படிவம்.

"அம்மா, உங்களுக்கு ஆறுதலாக இருந்ததா?"

"ஆறுதலோ!" அன்னபாக்கியத்துக்கு மூச்சு வாங்கியது. "என்ன கதை கதைக்கிறியள் மெடம்? ஒரு துளி ஆறுதல் இல்லை! சரியான கெதி! பதினொரு வருசத்திலை என்ரை கண்ணுக்கு முன்னாலை தொடங்கின ஒரு அலுவல் முடிஞ்சது இண்டைக்குத்தான்!"

பிரதிப் பணிப்பாளரின் பேனை ஒரு கணம் தயங்கியது. பிறகு எழுதியது.

திங்கட்கிழமை காலை நிலையம் திறக்கும்போதே கடிதம் வந்திருந்தது. "மேற்படி கணினி ஒரு துளி ஆறுதலும் வழங்கவில்லை எனப் பயனாளி உறுதிப்படுத்தியுள்ளமையால் ஆறுதல் அறைத் திட்டம் இத்தால் கைவிடப்படுகிறது. வேறெந்தப் பயன்பாட்டுக்கும் உகந்ததல்ல என்பதால் கணினி இளைஞர்களின் விளையாட்டுத் தேவைக்கு நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது."

சிவகரன் அதை வாசித்துக் காட்டிவிட்டுப் படிவம் ஒன்றை மேசையில் விரித்து, பேனையைத் திறந்தார்.

"இதைப் பற்றி முறைப்பாட்டாளருக்கு ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேட்டிருக்கு."

கலிஸ்ரா பேனையின் முனையைப் பார்த்தாள். நிறையச் சொல்ல இருந்தது. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.